உலோக நஞ்சு ஏறிய நிலமும் நொதிகளின் பணியும்

சென்னைக்குத் தெற்கே, அடையாற்றின் கரையில் அமைந்துள்ள அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராகும். ஒரு காலத்தில் இவ்வூர்த் தறிகளில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட மதராஸ் கைக்குட்டைத் துணிகள் கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா வரை சென்றன. அண்மைக் காலத்தில் வாழை நார், கற்றாழை நார் முதலியவற்றைக் கொண்டு சேலை நெய்வதிலும் இவ்வூர் நெசவாளர்கள் புகழ் பெற்றிருக்கின்றனர். 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அனகாபுத்தூரும் அதன் ஒரு பகுதியாயிற்று.

இவ்வூரும், இதனை அடுத்துள்ள பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகியவையும் ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்குவன. இவற்றுள் குரோம்பேட்டையின் பெயரைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அங்கு நிறுவப்பட்ட குரோம் தோல் தொழிற்சாலையே அப்பெயருக்குக் காரணம். குரோம் என்பது குரோமியம் என்னும் உலோகத்தைக் குறிக்கும். ஓர் ஊரின் பெயரிலேயே ஓர் உலோகம் குடிகொண்டிருக்கிறது. அதே உலோகம் மண்ணிலும் கிணற்று நீரிலும் குடிகொள்ளத் தொடங்கினால் என்ன நேரும் என்பதே நாம் ஆராய வேண்டிய செய்தி.

மண்ணில் சேர்ந்த உலோக நஞ்சை நொதிகளைக் கொண்டு போக்கலாம் என்னும் பேச்சு இப்போது பரவலாகக் கேட்கப்படுகிறது. ஒரு பொட்டலத் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் நிலம் சுத்தமாகிவிடும் என்று விற்பவர் கூறினால், பஞ்சாயத்து உறுப்பினர்கள் என்ன விடை கூறுவது? பொதுப் பணத்தை அதற்குச் செலவிடலாமா? நொதிகளால் ஆவது எது, ஆகாதது எது என்பதைத் தெளிவாக அறிந்தவர்களே இதற்கு விடை கூற இயலும்.

நிலத்தில் உலோகம் சேரும் விதம்

நம் முன்னோர் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டு தோலைப் பதனிட்டனர். குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்த பிறகு, பல நாட்கள் பிடித்த வேலை விரைவில் முடிந்தது. தோலும் மென்மையாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் அமைந்தது. ஆனால் பழைய வழக்கப்படி பதனிடும்போது, தொட்டியில் இடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையே தோல் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது கழிவு நீருடன் வெளியேறுகிறது. அது சுத்திகரிக்கப்படாமல் ஓடையிலும் ஏரியிலும் விடப்பட்டால், வண்டலோடு வண்டலாகப் படிந்துவிடும்.

நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிகளில் இது நிகழ்ந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பகுதியின் நிலத்தடி நீரைச் சோதித்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், குடிநீருக்கு வகுக்கப்பட்ட வரம்பைக் குரோமியம் கடந்திருப்பது காட்டப்பட்டது. அவ்வரம்பு ஒரு லிட்டர் நீருக்கு 0.05 மில்லிகிராம் ஆகும். பல்லாவரம் பகுதித் தோல் ஆலைகளுக்கெனப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கப்பட்டது. எனினும், அதற்கு முன்பே மண்ணில் இறங்கியதை எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் திரும்ப எடுக்க முடியாது.

தோல் ஆலைகளை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. பழைய மின்கலங்களை உடைத்து உருக்கும் இடங்களிலிருந்து ஈயமும், முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து நிக்கலும் குரோமியமும், எரிக்கப்படும் மின்கருவிக் குப்பைகளிலிருந்து பல உலோகங்களும் நிலத்தை அடைகின்றன. சாயத்தைத் துணியில் நிலைப்படுத்துவதற்குச் சில உலோக உப்புகள் உபயோகப்படுவதுண்டு. நாம் இடும் பாஸ்பேட் உரத்திலும் காட்மியம் சிறிதளவு கலந்திருக்கக்கூடும்.

உலோகத்தை அழிக்க இயலாது

முதலில் மனத்தில் பதிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பூச்சி மருந்து, எண்ணெய், சாயம் ஆகியவை பல அணுக்கள் கூடி அமைந்த பொருள்கள். நுண்ணுயிர்கள் அவற்றைத் துண்டு துண்டாக உடைத்து, கடைசியில் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுதல் கூடும். ஈயமோ, குரோமியமோ, காட்மியமோ அவ்வாறன்று. அவை மூலப்பொருள்கள். அவற்றை எந்த நொதியும் எந்த நுண்ணுயிரும் உடைத்து இல்லாமற் செய்ய முடியாது. ஒரு கிலோ ஈயம் நிலத்தில் சேர்ந்தால், யாரேனும் எடுத்து வெளியேற்றும்வரை அது ஒரு கிலோ ஈயமாகவே இருக்கும்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ஓர் ஏக்கர் நிலத்தில் மேலே உள்ள 15 சென்டிமீட்டர் மண் மட்டும் சுமார் 9 லட்சம் கிலோ எடை இருக்கும். வெளியிலிருந்து வந்து கலந்த உலோகம், ஒரு கிலோ மண்ணுக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஏக்கரின் மேல்மண்ணில் மட்டும் 90 கிலோ உலோகம் இருக்கிறது. ஒரு பொட்டலத் தூள் இந்த 90 கிலோவை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று விற்பவரை வினவினால், அவருடைய பேச்சின் தகுதி உடனே தெரிந்துவிடும்.

செடிகளை வளர்த்து உலோகத்தை உறிஞ்சச் செய்வது மற்றொரு முறை. இதற்கும் அதே கணக்கைப் போடலாம். ஏக்கருக்கு 4,000 கிலோ உலர்ந்த தழை கிடைக்கிறது என்றும், ஒரு கிலோ தழை 100 மில்லிகிராம் உலோகத்தை ஏற்றுக்கொள்கிறது என்றும் தாராளமாகவே கொள்வோம். ஓர் அறுவடையில் வெளியேறும் உலோகம் 400 கிராம் மட்டுமே. ஆண்டுக்கு ஓர் அறுவடை எனில், 90 கிலோவையும் எடுக்க 225 ஆண்டுகள் வேண்டும். அறுத்த தழையையும் மாட்டுக்கு இடலாகாது, எரிக்கவும் ஆகாது. ஆகவே, இம்முறையும் எல்லா நிலங்களுக்கும் பொருந்துவதன்று.

அழிக்க முடியாதாயின், வேறு என்ன செய்யலாம்? உலோகத்தை வேறோர் இடத்துக்கு அகற்றலாம். அல்லது அது இருக்கும் இடத்திலேயே, நீரில் கரையாததும் பயிரில் ஏறாததுமான வடிவத்துக்கு மாற்றிக் கட்டி வைக்கலாம். இவ்விரண்டாவது வேலையில்தான் நொதிகளுக்கு இடமுண்டு.

நொதி என்பது யாது?

என்சைம் என்று வழங்கும் நொதி, உயிர்கள் தம் உடலில் உண்டாக்கும் ஒரு வகைப் புரதப் பொருள். தான் தீர்ந்துபோகாமல், ஓர் இரசாயன மாற்றத்தை மிக விரைவாக நடத்தி வைப்பது அதன் இயல்பு. நம் வீட்டுச் சமையலறையில் இதற்கு உதாரணங்கள் உண்டு. இறைச்சி விரைவில் வேகப் பப்பாளிக் காயைச் சேர்ப்பதை அறிவோம். அக்காயின் பாலிலுள்ள நொதி இறைச்சியின் புரதத்தை அறுத்து மென்மையாக்குகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி நீர்த்திருப்பதும், முளையில் தோன்றிய நொதி மாவுப் பொருளைச் சர்க்கரையாக உடைப்பதனாலேயே.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்து காட்டலாம். புண் கழுவுவதற்கு மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு பச்சை உருளைக்கிழங்குத் துண்டின்மேல் சில சொட்டுகள் விட்டால் நுரை பொங்கும். கிழங்கிலுள்ள நொதி அத்திரவத்தை உடைத்துப் பிராணவாயுவை வெளியேற்றுவதே அந்நுரை. நன்கு வெந்த கிழங்கின்மேல் விட்டால் நுரைப்பதில்லை. கொதிநீரின் வெப்பத்தால் நொதி சிதைந்துவிட்டது. நொதி மென்மையான பொருள் என்பதும், அதற்கேற்ற சூழ்நிலை இன்றேல் வேலை செய்யாது என்பதும் இதனால் விளங்கும்.

நல்ல மண்ணிலும் நொதிகள் நிறைந்திருக்கின்றன. நுண்ணுயிர்கள், வேர்கள், மண்புழுக்கள் ஆகியவை அவற்றை இடைவிடாமல் உண்டாக்குகின்றன. நாம் இடும் யூரியாவைப் பயிருக்கு உதவும் வடிவமாக மாற்றுவதும், மட்கிலுள்ள மணிச்சத்தை விடுவிப்பதும் இவையே. கன உலோகங்களோ இந்நொதிகளைப் பற்றிக்கொண்டு செயலற்றவையாக்கும் தன்மை உடையவை. உலோகம் மிகுந்த நிலத்தில் எரு இட்டும் மட்காமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். ஆய்வுக்கூடங்களில் மண்ணின் நொதிச் செயலை அளந்து, அந்நிலம் எவ்வளவு உயிர்ப்புடன் இருக்கிறது என்று கண்டறிகின்றனர்.

குரோமியத்தின் இரு வடிவங்கள்

குரோமியம் மண்ணில் இரு வடிவங்களில் காணப்படுகிறது. ஒன்றை மூவிணைதிறக் குரோமியம் என்றும், மற்றொன்றை ஆறிணைதிறக் குரோமியம் என்றும் கூறுவர். தோல் பதனிட உபயோகிப்பது முதல் வகை. அது பெரும்பாலும் நீரில் கரையாது. மண்ணைப் பற்றிக்கொண்டு ஓரிடத்தில் கிடக்கும். இரண்டாவது வகையோ நீரில் எளிதில் கரைந்து கிணறுகளை நாடிச் செல்லும். அது தோலைப் புண்ணாக்கும். புற்றுநோயை உண்டாக்கும் என்றும் நிறுவப்பட்டுள்ளது. ஆகவே, இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிட்டால், உலோகம் நிலத்தில் இருந்தபடியே அபாயம் பெரிதும் குறைகிறது.

இம்மாற்றத்தை இயற்கையே செய்கிறது. சூடோமோனாஸ், பேசில்லஸ் முதலிய இனங்களைச் சேர்ந்த பல நுண்ணுயிர்களிடம் குரோமேட் ஒடுக்கி என்னும் நொதி இருக்கிறது. இந்நொதி ஆறிணைதிறக் குரோமியத்துக்கு மின்னணுக்களை அளித்து மூவிணைதிறமாக்குகிறது. ஆனால் கொடுப்பதற்கு மின்னணு வேண்டுமே! அதை நுண்ணுயிர் தான் உண்ணும் உணவிலிருந்தே பெறுகிறது. உணவு இல்லாத இடத்தில் நொதி இருந்தும் பயனில்லை. நெருப்பில்லாத அடுப்பை ஒத்திருக்கும்.

தனியாகப் பிரித்தெடுத்த நொதியை வயலில் தூவுவதால் பெரும்பயன் விளையாதது இதனாலேதான். களிமண் அதைப் பற்றி முடக்கும்; வெயில் சிதைக்கும்; மண்ணிலுள்ள பிற உயிர்கள் அதனைப் புரத உணவாகவே உண்டுவிடும். நொதியை விலைக்கு வாங்குவதைவிட, நொதியை உண்டாக்கும் உயிர்களுக்கு உணவளித்து வளர்ப்பதே அறிவுடைய வழி. தொழு உரமும் கூட்டெருவும் தழை உரமும் அவ்வுணவாகும். கரிமப் பொருள் நுண்ணுயிர்களுக்கு உணவாவதுடன், தானே நேராகவும் ஆறிணைதிறக் குரோமியத்தை மாற்றும் இயல்புடையது. மேல்நாடுகளில் சில இடங்களில் கரும்புப் பாகுக் கழிவு, பாலாடைக் கட்டி எடுத்த தெளிநீர் போன்றவற்றை நிலத்தடியில் செலுத்துவதும் இக்கருத்தைப் பின்பற்றியே.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள், மாறிய குரோமியத்தின் ஒரு பகுதியை மீண்டும் பழைய நச்சு வடிவத்துக்குத் திருப்பக்கூடும். ஆதலின் ஒரு முறை எரு இட்டு நிறுத்திவிடாமல் ஆண்டுதோறும் இட்டு வர வேண்டும். நீரையும் மீண்டும் மீண்டும் சோதித்து வர வேண்டும்.

பிற உலோகங்களும் மண்ணை இறுக்கும் நொதியும்

ஒவ்வோர் உலோகத்துக்கும் வழி வெவ்வேறானது. பாதரசத்தை மாற்றும் ஒரு நொதி சில நுண்ணுயிர்களிடம் உண்டு. அது பாதரசத்தை ஆவியாகும் வடிவத்துக்கு மாற்றுகிறது. மண்ணிலிருந்து போனது காற்றில் கலக்கிறதே தவிர, உலகத்தை விட்டுப் போய்விடுவதில்லை. பாஸ்படேஸ் என்னும் நொதி மணிச்சத்தை விடுவிக்கும்போது, அது ஈயத்தோடு கூடிக் கரையாத கனிமமாகப் படியும். இது பயனுள்ள மாற்றமே.

மண்ணைச் சுத்தப்படுத்துவதோடு உறுதிப்படுத்தவும் உதவும் நொதி யூரியேஸ் ஆகும். அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர் 1926ஆம் ஆண்டில் ஒரு வகை அவரை விதையிலிருந்து இதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது புரதமே என்று காட்டிய அப்பணிக்காக 1946ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சோயா மொச்சையிலும் தர்ப்பூசணி விதையிலும்கூட இந்நொதி உண்டு. யூரியாவையும் கால்சியம் உப்பையும் கரைத்து இந்நொதியுடன் மண்ணில் செலுத்தினால், மணல் மணிகளுக்கிடையே சுண்ணாம்புக் கல் படிந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஈயம், காட்மியம் போன்றவையும் அக்கல்லுக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. புழுதி பறப்பதும், மழையில் கரை அரிப்பதும் குறைகின்றன.

ஆயினும் இது உழவு நிலத்துக்குரிய முறையன்று. கல்லைப்போல் இறுகிய மண்ணில் பயிர் வேரூன்றாது. மேலும் அம்மோனியா உண்டாகி நிலத்தடி நீரை அடையலாம். அமிலம் பட்டால் சுண்ணாம்புக் கல் கரைந்து, சிறைப்பட்ட உலோகம் வெளிப்படலாம். கழிவுக் குவியல்களின் மேற்பரப்பையும் சரிவான கரைகளையும் உறுதிப்படுத்த, நிபுணர்களின் மேற்பார்வையில் கையாளத்தக்கது இம்முறை.

இராணிப்பேட்டை கற்பிக்கும் பாடம்

பாலாற்றின் அருகிலுள்ள இராணிப்பேட்டையில் குரோமேட் இரசாயனங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று 1975 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுக்காலம் நடைபெற்றது. அது மூடப்பட்ட பிறகு, இரண்டு லட்சம் டன் அளவினது என மதிப்பிடப்பட்ட குரோமியக் கழிவு அவ்விடத்திலேயே குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழையிலும் ஆறிணைதிறக் குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. குரோமியம் மிகுந்த நீர் மஞ்சள் நிறமாகத் தோன்றும். குறைந்த அளவாயின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, நீர் தெளிவாக இருப்பதால் மட்டும் அது நல்ல நீர் என்று கொள்ளலாகாது.

தொழிற்சாலை நடந்த காலம் 20 ஆண்டு; அதன் கழிவைப் பற்றிய கவலையோ அதைவிட நீண்டுவிட்டது. இத்துணைப் பெரிய குவியலை நுண்ணுயிரும் எருவும் கொண்டு மட்டும் தீர்த்துவிட முடியாது. குவியலை மழை படாமல் மூடுதல், நீர் ஊடுருவாத இடத்துக்கு மாற்றுதல், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்தல் ஆகிய பொறியியல் வேலைகளே முதலில் தேவைப்படும். எஞ்சிய சிறு அளவு மாசுக்கே உயிரியல் முறைகள் ஏற்றவை. நோய் பெரிதாயின் சத்திர சிகிச்சை. அது முடிந்த பின் உடலைத் தேற்றப் பத்திய உணவு. நொதியின் இடம் பத்திய உணவின் இடமே.

தோல் ஆலைகளின் மாசு குறித்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே நட்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பல்லாவரம் பகுதி அடங்கியிருந்த அந்நாளைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துக்கும் அத்தீர்ப்பு பொருந்தியது. 2025 ஜனவரி 30ஆம் நாள் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பற்றி அளித்த மற்றொரு தீர்ப்பில், சேதம் நீக்கப்படும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடரும் என்று அந்நீதிமன்றம் கூறியது. சுத்தம் செய்யும் செலவு கிராமத்தின் தலையில் விழ வேண்டியதில்லை என்பதைப் பஞ்சாயத்துகள் நினைவிற்கொள்ள வேண்டும்.

விவசாயிகள் செய்யத்தக்கவை

முதலாவது, சோதனை. 2015ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 தன்மைகள் அளக்கப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், கார அமில நிலை போன்றவை அவற்றில் அடங்கும். குரோமியமும் ஈயமும் காட்மியமும் அவற்றில் இல்லை. ஆகவே, அட்டையில் நிலம் நன்றாக இருப்பதாகக் கண்டிருந்தாலும் உலோக நஞ்சு இல்லை என்று முடிவு செய்யலாகாது. சந்தேகம் உள்ள நிலத்துக்குக் கன உலோகச் சோதனை வேண்டும் என்று தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மண் மாதிரி எடுக்கும்போது வயலில் 10 முதல் 15 இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அளவுக்குக் குறைத்து, சுத்தமான துணிப் பையிலோ பிளாஸ்டிக் பையிலோ இட வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியையும் துருப்பிடித்த கருவியையும் தவிர்த்தல் நலம். மடையருகிலும் வரப்போரத்திலும் எடுத்தவற்றைத் தனிப் பையில் இட்டால், நஞ்சு நீர் வழியாக வந்ததா என்பது தெரியவரும். கிணற்று நீரையும் உடன் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, வருவதை நிறுத்துதல். நஞ்சு கலந்த நீர் பாய்ந்துகொண்டே இருக்கையில் எரு இடுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும். தோல் ஆலைச் சகதியில் சுண்ணாம்பும் தழைச்சத்தும் உண்டு என்று கூறி இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்கலாகாது. குரோமியம் கலந்த தோல் ஆலைச் சகதி 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவாகும். தோல் துண்டுகளையும் சகதியையும் எரிப்பது அதனினும் தீது. எரியும்போது மூவிணைதிறக் குரோமியம் ஆறிணைதிறமாக மாறக்கூடும். நகரக் கூட்டெரு வாங்குவோர் அதன் சோதனைச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிலோ நகரக் கூட்டெருவில் குரோமியம் 50, ஈயம் 100, காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

மூன்றாவது, மண்ணின் உயிரை வளர்த்தல். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் ஆண்டுதோறும் இடுவதும், தக்கைப்பூண்டு, சணப்பு முதலியவற்றை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் நல்ல பயன் தரும். மாசுபட்ட நிலத்தில் வளர்ந்த தழையை மட்டும் வேறு நிலத்துக்குக் கொண்டுபோகலாகாது. சுண்ணாம்பு இடுவதில் எச்சரிக்கை தேவை. புளிப்பு நிலத்தில் அது ஈயத்தையும் காட்மியத்தையும் கட்டுப்படுத்தும். ஆனால் காரம் மிகுந்தால் ஆறிணைதிறக் குரோமியம் மேலும் எளிதில் நீரோடு நகரும். எந்த உலோகம் இருக்கிறது என்று அறியாமல் மருந்திடுவது, நோயறியாமல் வைத்தியம் செய்வதாகும்.

நான்காவது, பயிர்த் தேர்வு. பொதுவாக இலைகளிலும் கிழங்குகளிலும் சேரும் அளவுக்கு உலோகங்கள் கனிகளிலும் தானியங்களிலும் சேர்வதில்லை. ஆகவே, சந்தேகமுள்ள நிலத்தில் கீரை, முள்ளங்கி போன்றவற்றைப் பயிரிடலாகாது. மர வகைகள், பூச்செடிகள், நார்ப் பயிர்கள் போன்ற உணவல்லாத பயிர்களைச் சோதனை முடிவுக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். வெட்டிவேர் ஆழமாக வேரோடி மண்ணைப் பிடித்து நிறுத்துவதால் வாய்க்கால் கரைகளுக்கு ஏற்றது.

பஞ்சாயத்தின் கடமை

மாசுபட்ட இடங்களின் மேலாண்மை பற்றி மத்திய அரசு 2025 ஜூலை மாதத்தில் புதிய விதிகளை வெளியிட்டது. மாசுபட்டதாகச் சந்தேகிக்கப்படும் இடங்களைத் தாமாகவோ பொதுமக்களின் புகாரின் பேரிலோ கண்டறிந்து பட்டியலிடும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் இவ்விதிகள் அளிக்கின்றன. பின்னர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். ஆகவே, பஞ்சாயத்தின் எழுத்து மூலமான அறிவிப்புக்கு இப்போது மிகுந்த மதிப்பு உண்டு.

இதற்குப் பஞ்சாயத்து செய்ய வேண்டியவை எளியனவே. முன்பு ஆலை இருந்த இடம், மின்கலம் உருக்கிய இடம், சகதி கொட்டிய பள்ளம், நிறம் மாறிய கிணறு ஆகியவற்றை ஊரின் மூத்தோரிடம் விசாரித்து, புல எண்ணுடன் ஒரு பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். கிராம சபையில் அதைப் படித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சந்தேகமான கிணறுகளின் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் உபயோகிக்காமல் தடுத்து, வேறு குடிநீருக்கு உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. ஆவியாகிக் குறைந்த நீரில் அதன் அடர்த்தி கூடவே செய்யும். இதனைத் தாய்மார்களுக்கு எடுத்துக் கூற வேண்டும். ஈயத்தின் தீங்கு சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிப்பதால், அப்பள்ளங்களில் குழந்தைகள் விளையாடாதபடி வேலியிடுவதும் அவசியம்.

நொதித் தூள் விற்க வருபவரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இது எந்த உலோகத்துக்கு உரியது? அதை எந்த வடிவத்துக்கு மாற்றுகிறது? மாறிய உலோகம் பிறகு எங்கே இருக்கும்? போடுமுன்பும் போட்ட ஓராண்டுக்குப் பின்பும் எங்கள் நிலத்தின் மண்ணையும் நீரையும், உங்களைச் சாராத ஓர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கச் சம்மதமா? இவற்றுக்குச் சரியான விடை கிடைத்தால், முதலில் ஒரு சென்ட் நிலத்தில் போட்டுப் பார்க்கலாம். விடை கிடைக்காவிடில் பஞ்சாயத்துப் பணம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

நொதிகள் மிகச் சிறப்பாக வேலை செய்யும் இடம் மாசுபட்ட வயலன்று. மாசு பிறக்கும் ஆலையே ஆகும். 1948ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், சுண்ணாம்பையும் சல்பைடையும் குறைத்து, நொதி கொண்டு தோலின் மயிரை நீக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. கழிவு நீரிலுள்ள குரோமியத்தைப் படியவைத்துத் திரும்ப எடுத்து மீண்டும் உபயோகிக்கும் முறையையும் பரப்பியிருக்கிறது. ஆலைக்குள் தடுக்கப்படும் ஒரு கிலோ குரோமியம், வெளியே வந்து ஆயிரக்கணக்கான கிலோ மண்ணில் கலந்துவிட்டால் பிறகு எவராலும் பொறுக்கி எடுக்க முடியாது.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே நிறுத்தி முடிபோடுகிறார். முழம் முழமாக நெய்து முடித்த பின் அதைச் சரிசெய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். நிலத்தின் காரியமும் அத்தகையதே. நஞ்சு இறங்கும் முதல் நாளிலேயே கண்டு தடுக்கும் பஞ்சாயத்து, நொதியையும் மருந்தையும் தேடி அலைய வேண்டிய தேவை இராது. ஏற்கெனவே கெட்ட நிலத்தை உடையவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. சோதித்து அறிந்து, வருவதைத் தடுத்து, எருவிட்டு மண்ணின் உயிரை வளர்த்து, பொறுமையோடு ஆண்டுதோறும் அளந்து வந்தால், உலோகம் மண்ணில் உறங்கிக் கிடக்க, நிலம் மெல்ல மெல்லப் பயன் தரத் தொடங்கும். இப்பணியைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் வரும் கிராம சபையிலேயே தொடங்குவார்களாக.